40 டொலர் ஒரு கிழமையில் 46.50 ஆனது எப்படி?

கேள்வி: ஐயா, நான் சுண்ணாகத்தில் பசளைக் கடை வைத்திருக்கிறேன். கொழும்பில் இறக்குமதி அனுமதி உள்ள ஒருவரோடும் கனடாவில் இருக்கும் மச்சானோடும் சேர்ந்து ஓமானிலிருந்து 10,000 தொன் யூரியாவை மூட்டை கட்டாமல் அப்படியே கப்பலில் எடுக்க நினைத்தோம். கப்பல் தரகர் முதலில் தொன்னுக்கு 40 டொலர் கூலி என்றார். வெள்ளி பின்னேரம் ‘சரி’ சொன்னோம். திங்கள் கேட்டால் அந்தக் கப்பல் போய்விட்டதாம், அடுத்த கப்பல் 46.50 டொலராம். அதே கிழமையில் கப்பல் கூலியைக் காட்டும் பால்டிக் சுட்டெண் இறங்கியதாக மச்சான் இணையத்தில் பார்த்துச் சொல்கிறான். எங்களை ஏமாற்றுகிறார்களா? டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் நாளுக்கு 12,000 டொலர் என்றும் போட்டிருக்கிறார்கள். அது நியாயமா? கப்பலைக் காங்கேசன்துறைக்கே கொண்டுவர ஏலாதா?

பதில்: நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை இரண்டு தரம் வாசித்தேன். ஏமாற்று எதுவும் என் கண்ணில் படவில்லை. தரகர் விளக்கம் சொல்லாமல் விலையை மட்டும் அனுப்பியிருக்கிறார். எங்கள் தொழிலில் அது பழைய வியாதி.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், கூலியைத் தொன்கணக்கில் சொல்வதில்தான். நீங்கள் தொன்னை வாங்குகிறீர்கள். கப்பல்காரர் தொன்னை விற்கவில்லை, கப்பலின் நாட்களை விற்கிறார். உங்கள் சாமானுக்காகத் தன் கப்பல் எத்தனை நாள் கட்டுப்பட்டிருக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் அதை உங்கள் தொன்னால் வகுக்கிறார்.

கனடாவிலிருந்து மச்சான் வரும்போது கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்திருப்பீர்கள்தானே. போகும்போது வான் வெறுமையாகத்தான் போகிறது, ஆனாலும் போகிற டீசலுக்கும் நீங்கள்தான் காசு. யாரையோ கொழும்பில் இறக்கிவிட்டு நிற்கிற வான் அகப்பட்டால் ரிட்டர்ன் ஹயர் என்று குறைத்துக் கேட்கலாம். விமானம் பிந்தினால் வெயிட்டிங். வானுக்குள் இரண்டு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் வாடகை ஒன்றுதான். கப்பல் வாடகையின் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் 40 டொலரைப் பிரித்துப் பார்ப்போம். விளங்குவதற்காக எண்களை முழுசாக்கிப் போடுகிறேன். 12,000 தொன் அளவு ஏற்றக்கூடிய சிறிய கப்பல் ஒன்று, நாள் வாடகைச் சந்தையில் 10,000 டொலர் பெறுமதி என்று வையுங்கள். அது மும்பைப் பக்கம் வெறுமையாக நிற்கிறது. ஓமானுக்கு ஓட 3 நாள். ஏற்ற 3 நாள். திருகோணமலைக்கு 6 நாள். நாளுக்கு 1,500 தொன் படி இறக்கினால் கிட்டத்தட்ட 7 நாள். கையிருப்புக்கு இன்னொரு நாளைச் சேர்த்தால் 20 நாள், அதாவது 2,00,000 டொலர். கடலில் ஓடும் 9 நாளுக்கு நாளொன்றுக்கு 18 தொன், துறைமுகத்தில் நிற்கும் 11 நாளுக்கு 3 தொன் என்று எண்ணெய் ஏறக்குறைய 200 தொன். தொன் 600 டொலர் என்றால் 1,20,000. இரண்டு துறைமுகச் செலவும் சேர்த்து 60,000. ஆக 3,80,000. தரகுக் கழிவு 5 வீதத்தையும் மேலே வைத்தால் 4,00,000. அதை 10,000 தொன்னால் வகுத்தால் வருவதுதான் உங்கள் 40 டொலர்.

அடுத்த கப்பல் எங்கே நிற்கிறது என்று தரகரைக் கேட்டீர்களா? மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். கொழும்பில் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிற கப்பல் அது. கொழும்பிலிருந்து வெறுமையாக ஓமானுக்கு ஓட 6 நாள். முதல் கப்பலைவிட 3 நாள் கூட. 3 நாள் வாடகை 30,000, எண்ணெய் 54 தொன்னுக்கு 32,400, தரகுக் கழிவையும் சேர்த்தால் 65,000 சொச்சம். தொன்னுக்கு ஆறரை டொலர். நம் நாட்டு வாசலில் நிற்கிற கப்பல் தூரத்துக் கப்பலைவிட விலை கூட என்பது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் சாமான் ஓமானில் அல்லவா இருக்கிறது. இப்படி வெறுமையாக ஓடுவதற்குத் தொழிலில் பலாஸ்ட் என்று பெயர். ‘எங்கே ஓப்பன்?’ என்பதுதான் ஒரு தரகர் எந்தக் கப்பலைப் பற்றியும் கேட்கிற முதல் கேள்வி. கப்பல் எந்த இடத்தில், எந்தத் திகதியில் கையொழிகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் அந்தக் கூலிக்குள் ஒளிந்திருக்கிறது. திருகோணமலையில் இறக்கிய பிறகு அந்தக் கப்பலுக்கு அடுத்த சாமான் என்ன? இலங்கையிலிருந்து மொத்தமாகக் கப்பலேறும் பொருள் குறைவு. புல்மோட்டைக் கனிமமணல் போல ஒன்றிரண்டுதான். ஆகவே எங்கள் கரைக்கு வருகிற கப்பல்காரர், திரும்பவும் வெறுமையாகத்தான் கிளம்ப வேண்டிவரும் என்று முன்கூட்டியே மனதுக்குள் கொஞ்சம் சேர்த்துவிடுவார். அதைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதில் பயனில்லை. குறைக்க வழி வேறு இருக்கிறது. அதே கப்பலில் 12,000 தொன்னையும் நிரப்பினால் ஏற்றி இறக்க இரண்டு நாள் கூடும், செலவு 25,000 டொலர்தான் கூடும். கூலி தொன்னுக்கு 35 டொலர் சொச்சமாக இறங்கிவிடும். பருத்தித்துறையிலோ கிளிநொச்சியிலோ இன்னொரு வியாபாரி 2,000 தொன் எடுப்பாரென்றால், தரகரோடு ஒரு கிழமை பேரம் பேசுவதைவிட அவரோடு ஒரு பின்னேரம் கதைப்பது லாபம்.

மேலே 10,000 என்று போட்ட நாள் வாடகை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். கப்பலை ஒரு பயணத்துக்குப் பேசுவது ஒரு வகை. நீங்கள் செய்வது அது. அதில் எண்ணெய், துறைமுகச் செலவு எல்லாம் கப்பல்காரர் தலையில். இன்னொரு வகையில் கப்பலை மாலுமிகளோடு ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாள் வாடகைக்கு எடுப்பார்கள். அப்போது எண்ணெயும் துறைமுகச் செலவும் எடுத்தவர் பொறுப்பு. இரண்டு சந்தையும் அக்கா தங்கை மாதிரி. பயணக் கூலி தரும் நாள் வருமானம் வாடகையைவிடக் கூடினால் கப்பல்கள் இந்தப் பக்கம் சாயும், குறைந்தால் அந்தப் பக்கம். அதனால் எந்தக் கப்பல்காரரும் உங்கள் 40 டொலரைக் கண்டவுடன் மேலே நான் போட்ட கணக்கைத் தலைகீழாகப் போட்டு, ‘நாளுக்கு என்ன வருது?’ என்றுதான் பார்ப்பார். ஆளில்லாமல் வெறுங்கப்பலை வருடக்கணக்கில் எடுக்கிற வகையும் உண்டு. அது உங்களுக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருவோம். நீங்கள் சொன்ன ‘சரி’ முழுச் சரி அல்ல. தரகர் எழுதியிருக்கிறார்: வங்கியில் கடன்கடிதம் (எல்.சி.) திறக்கப்படும் என்ற நிபந்தனையோடு, கொழும்பு நேரம் வெள்ளி மாலை 6 மணிவரை. இந்த நிபந்தனையைத் தொழிலில் சப்ஜெக்ட் என்பார்கள், வாய்ப்பேச்சில் ‘சப்ஸ்’. சப்ஸ் எடுக்கும்வரை, அதாவது நிபந்தனை நீங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லும்வரை, கப்பல் உங்களுடையதல்ல. நேரம் முடிந்தால் கப்பல்காரர் யாருக்கும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்தவரோடு பேசலாம். அப்படித்தான் செய்திருக்கிறார். வங்கியில் ஆள் திங்கள்தான் கையெழுத்து வைப்பார் என்று தெரிந்திருந்தால், வியாழக்கிழமையே ‘திங்கள் நண்பகல்வரை சப்ஸ் தாருங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பெரும்பாலும் தருவார்கள்.

பால்டிக் சுட்டெண்ணை மச்சான் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அது உங்கள் கப்பலின் விலை அல்ல. லண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்சுக்குத் தரகர்கள் அன்றாடம் தருகிற மதிப்பீடுகளிலிருந்து கூட்டிச் செய்கிற எண் அது. அந்த எக்ஸ்சேஞ்ச் 1744 காலத்துக் காப்பிக்கடையில் வேர் விட்ட நிறுவனம், 2016 முதல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் கையில் இருக்கிறது. 2018 முதல் அந்த எண்ணில் 40 வீதம் கேப்சைஸ் என்கிற மிகப் பெரிய கப்பல்கள், 30 வீதம் அதற்கடுத்த அளவான பனாமாக்ஸ், 30 வீதம் அதற்கும் அடுத்த சூப்பராமாக்ஸ். சிறிய கப்பல்களை அந்த வருடத்தோடு கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் கப்பல் அவற்றிலும் சிறியது. பிரேசிலிலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் சீனாவுக்கு இரும்புத்தாது ஏற்றுவது ஒரு கிழமை மந்தமானால் சுட்டெண் விழும். அதற்கும் ஓமான் யூரியாவுக்கும் அந்தக் கிழமையில் தொடர்பில்லை. நுரைச்சோலைக்கு நிலக்கரி கொண்டுவருகிறவர் அதைப் பார்க்கட்டும்.

ஆனாலும் அந்த எண்ணின் சரித்திரம் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். 2008 மே 20 அன்று அது 11,793. அதே வருடம் டிசம்பரில் 663. ஏழே மாதம்! அன்றைய நாட்களில் கப்பல் தரகராக இருந்த எவரும் அதை மறக்க மாட்டார்கள். பிறகு 2016 பெப்ரவரியில் 290 என்று தரையைத் தொட்டது. காரணம் பெரிய மர்மமில்லை. கப்பல் கட்ட இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். சாமான் கூடினால் நாளைக்கே புதுக் கப்பல் வராது, அதனால் கூலி கூரையைப் பிய்க்கும். எல்லோரும் அந்த ஆசையில் கப்பலுக்கு ஓடர் கொடுப்பார்கள். கப்பல்கள் கடலில் இறங்கும் நேரம் சாமான் இராது. இடையில் ஒரு சின்ன நெளிவுதான் உண்டு: கூலி நல்லாயிருந்தால் வேகமாக ஓட்டுவார்கள், மோசமென்றால் மெதுவாக. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் நாளுக்கான எண்ணெய் கிட்டத்தட்ட பாதியாகும்.

டெமரேஜுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், நான் என்றால் முதலில் கேட்டிருப்பேன். 2022 இல் டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றபோது, தாமதக் கட்டணம் என்று பத்திரிகையில் அடிக்கடி வாசித்திருப்பீர்கள். அதே சங்கதிதான். ஏற்றவும் இறக்கவும் உங்களுக்கு இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் அளந்து தருவார்கள். அந்த அளவு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று நீங்கள் கட்ட வேண்டும். முந்தி முடித்தால் பெரும்பாலும் அதில் பாதி உங்களுக்குத் திரும்பி வரும். 12,000 நியாயமா? நாள் வாடகை 10,000, துறைமுகத்தில் எரியும் 3 தொன் எண்ணெய் 1,800. ஆக 11,800. நியாயம்தான். அதில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பேசவேண்டியது கட்டணத்தைப் பற்றி அல்ல, உங்களுக்கு அளந்து தந்த நேரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. அன்றைய எங்கள் ஒப்பந்தம் போலவே உங்கள் ஒப்பந்தமும் ஜென்கான் 1994 என்கிற பயண ஒப்பந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. கப்பல் வந்தவுடன் கப்டன் ‘நான் தயார்’ என்று எழுதிக் கொடுக்கும் அறிவித்தல் நண்பகல் 12 மணிக்குள் கிடைத்தால் அன்று பிற்பகல் 1 மணிக்கே நேரம் ஓடத் தொடங்கும். 12 மணிக்குப் பிறகு கிடைத்தால் அடுத்த வேலைநாள் காலை 6 மணிக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் சாமான்காரர் கந்தோருக்கு அந்த அறிவித்தல் வந்து சேர்ந்தது 12.05. மேசையில் இருந்த பெடியன் மரியாதைக்காக ‘11.55’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டான். பெடியன் வேறு யாருமல்ல, நான்தான். 17 மணித்தியாலம் வித்தியாசம். உங்கள் 12,000 டொலர்க் கணக்கில் அது 8,500 டொலர். அன்றிலிருந்து கந்தோர் மணிக்கூட்டை ஒருதரம் பார்க்காமல் நான் எந்தக் கடதாசியிலும் நேரம் எழுதியதில்லை.

இறக்குவதைப் பார்ப்போம். நாளுக்கு 1,500 தொன் இறக்குவோம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இதை எழுதும்போது மனதில் ஒரு லொறி வரிசையைக் கற்பனை செய்தீர்களா? 1,500 தொன் என்றால் 50 கிலோ மூட்டை 30,000. ஒரே நாளில், துறைமுக மேடையில் தைத்துக் கட்டி ஏற்ற வேண்டும். 10 தொன் லொறி என்றால் 150. திருகோணமலையிலிருந்து வவுனியா வழியாகச் சுண்ணாகம் வந்து இறக்கிவிட்டுத் திரும்பப் போய்ச் சேர ஒரு லொறிக்கு இரண்டு நாள் பிடிக்கும். அப்படியானால் உங்களுக்கு 300 லொறி வேண்டும். எங்கே இருக்கிறது? நாளுக்கு 1,000 தொன்தான் இறக்க முடிந்தால் 10 நாள் எடுக்கும், அனுமதித்த நேரத்தைவிட மூன்றேகால் நாளுக்குச் சற்றுக் கூட. டெமரேஜ் 40,000 டொலர், அதாவது தொன்னுக்கு 4 டொலர். 40 க்கும் 46.50 க்கும் சண்டை பிடிக்கிற நீங்கள் இந்த 4 டொலரைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். திருகோணமலையிலேயே ஒரு கிட்டங்கியை மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். லொறி கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் ஓடட்டும், சுண்ணாகத்துக்குப் பிறகு ஆறுதலாக ஏற்றலாம்.

யூரியா மழையைத் தாங்காது. ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். துறைமுகத்தில் நின்று பார்த்தால் தெரியும்: வானம் கறுத்தவுடன் கிறேன் பாதியில் நிற்கும், கப்பலின் சாமான் அறையை மூடும் ஹட்ச் மூடி நகரத் தொடங்கும், ஏஜென்ட் ஆள் கொப்பியை எடுத்து ‘14.35 மழை, ஹட்ச் மூடப்பட்டது’ என்று எழுதுவார். மழை விட்ட பிறகு திறக்கிற நேரத்தையும் எழுதுவார். அந்தக் கொப்பியிலிருந்துதான் பிறகு டெமரேஜ் கணக்குப் பிறக்கிறது. ‘காலநிலை அனுமதிக்கும் வேலைநாள்’ என்ற சொல் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் மழை நேரம் கணக்கில் வராது. அந்தச் சொல் இருக்கிறது, நல்லது. ஆனால் அனுமதித்த நாள் முடிந்து டெமரேஜ் தொடங்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். பிறகு மழையும் ஓடும், ஞாயிறும் ஓடும், பொங்கலும் ஓடும். கப்பலின் சொந்தக் கிறேன் பழுதானால் மட்டும் அந்த நேரம் உங்கள் கணக்கில் வராது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள் ஒருவர் அந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்க வேண்டும். மருமகன் யாராவது சும்மா இருந்தால் அனுப்புங்கள்.

‘கப்பல் தொல்லையே வேண்டாம், விற்கிறவரே கொண்டுவந்து தரட்டும்’ என்று பங்காளி சொல்கிறாராம். முதல் தரத்துக்கு அது புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கப்பலை அவர் பேசினாலும் இறக்கும் பக்கத்து டெமரேஜ் அநேகமாக உங்கள் தலையில்தான் விழும். கொள்வனவு ஒப்பந்தத்தில் அவர் உங்களிடம் நாளுக்கு 2,000 தொன் கேட்டு, கப்பல்காரரிடம் 1,500 க்குப் பேசியிருந்தால், அந்த வித்தியாசத்தில் அவர் சம்பாதிப்பார். கப்பல் ஒப்பந்தத்தின் இறக்கும் நிபந்தனைகளே எங்களுக்கும் பொருந்தும் என்று எழுதி வாங்குங்கள். எப்படியானாலும் கூலி அனுப்பும் வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், தொலைபேசியில் ஆளின் குரலைக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

காங்கேசன்துறை. இந்தக் கேள்வியை வாசித்தபோது மனம் கொஞ்சம் கனத்தது. சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அந்தத் துறையில் கப்பலைப் பார்த்து வளர்ந்தவன் நான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர்வரை ஓடிப் போன கரை இது. இன்று நாகப்பட்டினத்துப் பயணிகள் கப்பல் வந்து போகிறது, துறையை விருத்தி செய்ய இந்திய உதவி என்று கதைக்கிறார்கள். ஆனால் 10,000 தொன் ஏற்றிய கப்பல் நீருக்குள் எட்டு மீற்றர் அளவு தாழ்ந்து மிதக்கும். இன்றைய காங்கேசன்துறைக்கு அது கனவு. சிறிய கப்பலில் 1,500 தொன் படி பிரித்துக் கொண்டுவரலாம்தான். ஆனால் கடலில் ஓடும் அதே நாட்களைச் சிறிய தொன்னால் வகுத்தால் கூலி எங்கே போய் நிற்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கடைசியாகத் திகதி. கப்பல் எந்தத் திகதிக்கும் எந்தத் திகதிக்கும் இடையில் ஏற்ற வரவேண்டும் என்பதை லேகன் என்பார்கள். உங்களுக்கு நவம்பர் 10 முதல் 20 என்று போட்டிருக்கிறது. அந்தக் கப்பல் திருகோணமலைக்கு வரும்போது மார்கழி நெருங்கிவிடும். வடகீழ்ப் பருவ மழை கொட்டுகிற நேரம், பெரும்போகத்துக்கு உரம் தேடிய கமக்காரரும் வேறிடத்தில் வாங்கி முடித்திருப்பார். செப்டெம்பர் முதல் கிழமைக்கு மாற்றிக் கேளுங்கள். அந்த நேரம் அரபிக்கடலில் தென்மேல் காற்று இன்னும் மிச்சமிருக்கும். கொழும்பிலிருந்து ஓமானுக்குப் போகிற வெறுங்கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் ஓடும், 6 நாள் 7 ஆகலாம். அதனால் கொழும்புக் கப்பலை விட்டுவிட்டு, ஓமான் பக்கத்திலோ குஜராத் கரையிலோ ஓப்பன் ஆகிற கப்பல் ஏதும் உண்டா என்று தரகரிடம் கேளுங்கள். கிடைத்தால் அடுத்த மின்னஞ்சலில் சப்ஸ் எடுக்கும் முன் அந்த ஒப்பந்தச் சுருக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.